காதல் நாவலும் வாய்மையும்: ஐதராபாத் நாவலாசிரியர்களை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

உலகில் பெரும்பாலும் நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாக எழுதுவதும், அது நிகழாது என்று அறிந்தே அதை விரும்பிப் படிப்பதும் புனைகதையின் இயல்பு. எல்லாப் புனைகதைக்கும் இது பொதுவாயினும், காதல் நாவலைப் பொறுத்தவரையில் இவ்வியல்பு ஒரு குற்றமாகவே நெடுங்காலம் கருதப்பட்டு வந்துள்ளது. துப்பறியும் நாவலைப் படிப்பவர் கொலைகாரனைத் தேடித் தெருவில் அலைவார் என்று எவரும் அஞ்சுவதில்லை. ஆனால், காதல் நாவலைப் படிக்கும் இளம்பெண் அந்நாவலின் தலைவனுக்காகக் காத்திருந்து தன் வாழ்வைக் கெடுத்துக்கொள்வாள் என்னும் அச்சம் குடும்பங்களிலும் திறனாய்வாளர்களிடத்தும் ஒருசேரக் காணப்படுகிறது. இவ்வச்சம் நியாயமானதா? நியாயமெனில், எழுதியவர் எதற்குப் பொறுப்பேற்க வேண்டும்? எழுத்தையே தொழிலாகக் கொண்டு, இதழுக்கும் பதிப்பாளருக்கும் குறித்த நாளில் படைப்பை அளிக்க வேண்டிய நிலையில் இருப்பவரிடம் இப்பொறுப்பை எந்த அளவுக்கு எதிர்பார்க்கலாம்? இவ்வினாக்களை ஐதராபாத்தைக் களமாகக் கொண்டு வளர்ந்த தெலுங்குக் காதல் நாவலின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐதராபாத்தும் காதல் நாவலும்

1956 நவம்பர் 1 அன்று ஆந்திரப் பிரதேசம் உருவாகி ஐதராபாத் அதன் தலைநகரானது. அரசு அலுவலகங்களும் கல்லூரிகளும் தொழிற்சாலைகளும் பெருகப் பெருக, கரையோர மாவட்டங்களிலிருந்து நடுத்தரக் குடும்பங்கள் இந்நகருக்குக் குடிபெயர்ந்தன. படித்த பெண்கள் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் காட்சி அன்றாடமாயிற்று. இக்காலத்தில்தான் தெலுங்கில் பெண் நாவலாசிரியர்களின் செல்வாக்கு ஓங்கியது. 1950 முதல் 1975 வரையிலான தெலுங்குப் பெண் எழுத்தாளர்களைப் பற்றித் தனிநூல் எழுதிய நிடதவோலு மாலதி, அக்காலகட்டத்தைத் தெலுங்குப் புனைகதை வரலாற்றில் தனித்தன்மை உடைய ஒரு நிகழ்வாகவே மதிப்பிடுகிறார். கோடூரி கௌசல்யா தேவியின் 'சக்ரபிரமணம்' என்னும் நாவல் 1964இல் 'டாக்டர் சக்கரவர்த்தி' என்ற திரைப்படமாயிற்று. ரங்கநாயகம்மாவின் 'பலிபீடம்' பெருவாரியாகப் படிக்கப்பட்டது.

இவர்களுள் காதல் நாவல் என்னும் வகைக்கே அடையாளமாக விளங்கியவர் யத்தனபூடி சுலோசனா ராணி ஆவார். கிருஷ்ணா மாவட்டத்தின் காஜ என்னும் சிற்றூரில் பிறந்து, ஐதராபாத்தில் நெடுங்காலம் வாழ்ந்த இவர், 2018 மே மாதம் கலிபோர்னியாவில் மறைந்தார். 'செக்ரட்டரி', 'மீனா', 'ஜீவன தரங்காலு' முதலிய இவருடைய நாவல்கள் இதழ்களில் தொடராக வந்து, நூலாகி, திரைப்படங்களும் ஆயின. 'மீனா', 'ஜீவன தரங்காலு' ஆகிய இரண்டும் 1973இல் திரைக்கு வந்தன. 'செக்ரட்டரி' 1976இல் வந்தது. 2016இல் வெளியான 'அ ஆ' என்னும் திரைப்படத்தின் கதையும் 'மீனா'வோடு ஒப்பிட்டுப் பேசப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு கதை நினைவில் நிற்குமாயின், அது பொழுதுபோக்கு எழுத்து என்னும் ஒரு சொல்லால் தள்ளிவிடத் தக்கதன்று. இவருடைய நாவல்கள் பலவற்றைக் கௌரி கிருபானந்தன் தமிழாக்கியுள்ளமையால் தமிழ் வாசகர்க்கும் இவர் அறிமுகமானவரே.

தொடர்கதை என்னும் தொழில்

காதல் நாவலாசிரியரின் உழைப்பைப் பற்றித் திறனாய்வு மிகுதியும் பேசுவதில்லை. வார, மாத இதழ்களின் தொடர்கதையே அக்காலத்தில் இவ்வுழைப்பின் அடிப்படை வடிவம். இதழ் அச்சுக்குப் போகும் நாளுக்குள் அத்தியாயம் ஆசிரியர் கைக்குச் சென்றாக வேண்டும். ஒவ்வோர் அத்தியாயமும் வாசகரை அடுத்த இதழ்வரை காத்திருக்கச் செய்யும் ஓரிடத்தில் முடிய வேண்டும். தொடருக்கு இதழ் தரும் சன்மானம், நூலாகும்போது பதிப்பாளர் தரும் தொகை, நற்பேறு இருப்பின் திரைப்பட உரிமை என வருவாய் மூன்று படிகளில் அமைந்தது. நூலைப் பரப்பியவை வாடகை நூலகங்கள். விலை கொடுத்து வாங்க இயலாத பெண்கள் சில காசுகளைக் கொடுத்து ஒன்றிரண்டு நாளுக்கு நூலை எடுத்துச் சென்றனர். ஒரு படி பல வீடுகளுக்குச் சென்று வந்தாலும், ஆசிரியருக்கு உரிய பங்கு முதலில் விற்ற அந்த ஒரு படிக்கே கிடைத்தது.

தமிழகத்து நிலையும் இதனின் வேறன்று. வார இதழ்த் தொடர்களும், பின்னர் மாத நாவல்களும், தெருமுனை வாடகை நூலகங்களும் சேர்ந்தே ரமணிசந்திரன் போன்றோரின் பெரும் வாசகப் பரப்பை உருவாக்கின. மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே குடும்ப நாவல்களை எழுதிய லட்சுமி 1984இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றபோதும், அவர் எழுதிய வகையின் மீதான ஏளனம் முற்றும் நீங்கவில்லை.

இவ்வுழைப்பின் தன்மை அறவினாவோடு நேர்த்தொடர்பு உடையது. கால நெருக்கடியில் எழுதுபவருக்குக் கதைச் சிக்கலை விரைந்து அவிழ்க்கும் எளிய கருவி தற்செயல். எதிர்பாராத சந்திப்பு, மறைந்திருந்த உறவு வெளிப்படுதல், செல்வர் ஒருவரின் திடீர் மனமாற்றம் ஆகியவை அடுத்த வாரத்துக்குள் கதையை முடித்துத் தரும். பாத்திரத்தின் முடிவெடுக்கும் ஆற்றலைக் கொண்டு அதே சிக்கலைத் தீர்க்கக் காலமும் சிந்தனையும் மிகுதியாக வேண்டும். எனவே, காதல் நாவலில் தற்செயல் மிகுவதற்கு ஆசிரியரின் மனப்போக்கு மட்டுமன்றி அவர் எழுதிய சூழலும் காரணமாகிறது.

குற்றச்சாட்டும் அதன் உட்பொருளும்

சுலோசனா ராணியின் நாவல்கள் மீது வைக்கப்பட்ட தலையாய குற்றச்சாட்டு, உயரமும் அழகும் செல்வமும் உடைய தலைவன் காரில் வந்து ஏழைப் பெண்ணை மணந்துகொள்வான் என்னும் கனவை நடுத்தர வீட்டுப் பெண்கள் உள்ளத்தில் விதைத்தன என்பதாகும். இக்கனவு இல்லாத ஒன்றை உள்ளதாகக் காட்டுவதால் பொய். பொய்யினால் விளையும் ஏமாற்றம் வாசகியின் வாழ்வைப் பாதிப்பதால் தீமை என்பது இவ்வாதத்தின் அமைப்பு.

இவ்வாதத்தை மறுக்கும் முன், அக்கனவில் வாசகி விரும்பியது எது என்று வினவுதல் வேண்டும். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. எனினும் அவ்வழக்கம் ஒழியவில்லை. பெண்ணின் கல்வி, அழகு, குணம் அனைத்தும் பேசி முடித்தபின் தொகையில் வந்து நிற்கும் திருமணப் பேச்சைத் தன் வீட்டுக் கூடத்திலேயே கேட்டு வளர்ந்தவள் அந்த வாசகி. அவளுக்குக் காதல் நாவலின் செல்வத் தலைவன் எதைக் குறிக்கிறான்? அவன் செல்வனாக இருப்பதன் முதற்பயன் அவன் எதையும் கேட்க வேண்டாதவன் என்பதே. கார் அக்கனவின் அணி மட்டுமே. தன் தந்தையிடம் விலை பேசாமல் தன்னைத் தனக்காகவே விரும்பும் ஓர் ஆண் என்பதே அதன் உள்ளீடு. இந்நோக்கில் அக்கனவு வெறும் பேராசையாகாது. சமுதாயம் பெண்ணுக்கு மறுத்த ஒன்றின் அளவை அது காட்டுகிறது.

எனினும் குற்றச்சாட்டு இத்துடன் முழுமையாக நீங்கிவிடுவதில்லை. ஒரு பெண்ணுக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டிய மதிப்பை, அவளுக்கு வாய்த்த ஒரு நல்ல ஆணின் பெருந்தன்மையால் கிடைத்த பேறாக நாவல் காட்டுமாயின், அங்கு ஒரு பிழை நேர்கிறது. நீதி நற்பேறாக உருமாறுகிறது. வரதட்சணை கேட்கும் உலகம் மாறவேண்டியதில்லை; கேட்காத ஒருவன் கிடைத்தால் போதும் என்னும் முடிவை வாசகி அறியாமலே ஏற்கக்கூடும். காதல் நாவலின் மீது வைக்கத்தக்க உண்மையான குற்றச்சாட்டு இதுவேயாகும்.

வாசகியர் தரும் சான்று

வாசகியரைப் பற்றிய ஆய்வுகள் இரு தரப்புக்கும் சான்று தருகின்றன. அமெரிக்காவின் சிறுநகர் ஒன்றில் காதல் நாவல் படிக்கும் பெண்களோடு உரையாடி ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட நூல் இத்துறையில் முன்னோடியானது. வீட்டுக் கடமைகள் ஓயாத பெண்ணுக்குக் கையில் நூலை எடுப்பதே தனக்கெனச் சிறிது நேரத்தை மீட்டுக்கொள்ளும் செயலாக அமைகிறது என்று அவர் கண்டார். ஆனால், அவ்வாறு பெற்ற ஆறுதல் வாழ்வின் அமைப்பை மாற்றும் வேகத்தைத் தணித்துவிடவும் கூடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஐதராபாத்தையே களமாகக் கொண்டு, ஆங்கிலத்தில் வரும் மேலைநாட்டுக் காதல் நாவல்களைப் படிக்கும் நடுத்தர, மேல்தட்டு இளம்பெண்களை 1990களில் ஆராய்ந்தவர் ராதிகா பரமேஸ்வரன். 1999, 2002ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய கட்டுரைகளால் சில செய்திகள் தெளிவாகின்றன. இப்பெண்கள் அந்நூல்களை ஆங்கிலப் பயிற்சிக்கும், பெரியோர் பேச மறுத்த உடல்சார் அறிவுக்கும் வாயிலாகக் கொண்டனர். தலைவியரின் தன்னுரிமையை வியந்தனர். அதேவேளையில் இந்தியப் பெண்மை குறித்துத் தம் குடும்பம் கற்பித்த கருத்துகளோடு அந்நாவல்களை ஒப்பிட்டு, சிலவற்றைக் கொண்டும் சிலவற்றைத் தள்ளியும் பேசினர். அவர்களுள் எவரும் கதையை வாழ்க்கையென்று மயங்கும் பேதையராகக் காணப்படவில்லை. வாசகி கதையை எடைபோட்டே படிக்கிறாள் என்பது இதனால் அறியலாகிறது. ஆனால், எடைபோடும் துலாக்கோல் எங்கிருந்து வருகிறது என்னும் வினா எஞ்சுகிறது. அதைத் தருவதில் குடும்பத்துக்கும் கல்விக்கும் உள்ள பங்கு போலவே நாவலுக்கும் ஒரு பங்கு உண்டு.

இல்லது, இனியது, நல்லது

இவ்விடத்தில் தமிழ் அகமரபு ஒரு தெளிவான அளவுகோலைத் தருகிறது. தொல்காப்பியம் நாடக வழக்கு, உலகியல் வழக்கு எனும் இரண்டின் இணைப்பில் அகப்பாடலின் நெறியை வைக்கிறது. உலகில் உள்ளவாறே கூறுதலும், சுவைபடப் புனைந்து கூறுதலும் அங்குப் பகையல்ல. இறையனார் களவியல் உரை இன்னும் ஒருபடி சென்று, களவொழுக்கம் என்பது உலகில் அவ்வண்ணமே காணப்படாதது, ஆயினும் இனிமை உடையது, நன்மை உடையது என மூன்று இயல்புகளைச் சுட்டி, அதனைப் புலவர் நாட்டிய ஒழுக்கமாக விளக்குகிறது. இல்லாதது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டே அதனை இலக்கியத்தின் தலைமைப் பொருளாக ஏற்ற மரபு இது. எனவே, இல்லாததைக் கூறுகிறது என்ற ஒரு காரணத்தைக் கொண்டு காதல் நாவலைப் பழிக்கத் தமிழ் மரபில் இடமில்லை.

வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் கொள்ளும் நிலையும் இதனோடு பொருந்துவதே. சொல்லின் மெய்ம்மையை அவர் அதன் விளைவோடு சேர்த்தே அளக்கிறார். பிறர்க்குத் தீங்கு இல்லாத சொல் வாய்மை. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும். இங்கு 'குற்றமற்ற' என்னும் அடை கருதத்தக்கது. நன்மை சிறிது தந்து தீமையும் உடன் தருவது இவ்விலக்கணத்துள் அடங்காது.

காதல் நாவல் இல்லது என்பதில் ஐயமில்லை. இனியது என்பதற்கு அதன் வாசகப் பரப்பே சான்று. நல்லதா என்பதே ஆராயப்பட வேண்டியது. முன்னர்க் கூறியவாறு, நீதியை நற்பேறாக மாற்றும் நாவல் இம்மூன்றாம் தகுதியை இழக்கிறது. அவ்வாறு மாற்றாத காதல் நாவல் உண்டா என்பது அடுத்த வினா.

'செக்ரட்டரி' காட்டும் இருவகைக் கனவு

1960களின் நடுப்பகுதியில் தோன்றிய 'செக்ரட்டரி' நாவலை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். வறிய நிலையில் பாட்டியோடு வாழும் ஜயந்தி என்னும் பெண் வேலைக்குச் செல்கிறாள். பெருஞ்செல்வனாகிய ராஜசேகரம் அவள் வாழ்வில் குறுக்கிடுகிறான். அவன் செல்வத்துக்கும் அவள் தன்மானத்துக்கும் இடையே நிகழும் மோதலாகவே அவர்களது உறவு வளர்ந்து, இறுதியில் திருமணத்தில் முடிகிறது. புறத்தே நோக்கின், குற்றச்சாட்டில் கூறப்படும் கதையே இது.

ஆனால், இந்நாவலின் பெயர் தலைவனையோ திருமணத்தையோ குறிக்கவில்லை. ஒரு பணியைக் குறிக்கிறது. பெண் அலுவலகத்துக்குச் செல்வதே ஐயத்தோடு நோக்கப்பட்ட காலத்தில், தன் ஊதியத்தால் குடும்பத்தைத் தாங்கும் ஒருத்தியைத் தலைவியாக்கி, அவளுடைய பணியின் பெயரையே நூலுக்கு இட்டிருப்பது கருதத்தக்கது. இக்கதையில் இரு கனவுகள் உள்ளன. ஒன்று, செல்வத் தலைவனின் அன்பு. மற்றொன்று, எவர் முன்னும் தலைகுனியாமல் தன் உழைப்பில் நிற்கும் பெண். முதற்கனவு பேற்றைச் சார்ந்தது. இரண்டாவது, வாசகி தானே முயன்று அடையக்கூடியது. தலைவன் அவளை மதிக்கத் தொடங்கும் முன்பே அவள் தன்னை மதித்துவிடுகிறாள் என்பதில்தான் இந்நாவலின் அறவலிமை அடங்கியுள்ளது.

இதன் குறையும் இதனுள்ளேயே உள்ளது. திருமணத்தோடு கதை முடிவதால், அவளுடைய பணி என்னவாயிற்று என்பது கேட்கப்படுவதில்லை. திருமணத்துக்குப் பின்னும் அத்தன்மானம் நிலைபெறுமா என்பதும் கூறப்படுவதில்லை. 1987இல் வெளிவந்த வோல்காவின் 'ஸ்வேச்சா' இவ்விடத்திலிருந்தே தொடங்குகிறது எனலாம். காதலித்து மணந்த பெண், தான் தேடிய விடுதலை அம்மணத்தில் இல்லை என்று உணரும் கதை அது. காதல் நாவல் மூடிய கதவை அது திறக்கிறது. இவ்விரண்டையும் பகைநிலையில் நிறுத்துவதே திறனாய்வின் வழக்கம். எனினும், தன்மானம் உடைய தலைவியை விரும்பக் கற்ற தலைமுறையே அவளுக்குத் திருமணத்துக்குப் பின் என்ன நேர்ந்தது என்னும் வினாவைக் கேட்கும் தகுதியையும் பெற்றது எனக் கருத இடமுண்டு. சுலோசனா ராணியைத் தமிழாக்கிய கௌரி கிருபானந்தனே வோல்காவின் 'விமுக்தா'வையும் 'மீட்சி' என்னும் பெயரில் தமிழாக்கி, அதற்காகச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருதைப் பெற்றிருப்பது இவ்விரு போக்குகளும் ஒரே வாசகப் பரப்பில் இணைந்து வாழ இயலும் என்பதற்குப் பொருத்தமான சான்றாகும்.

பெயரும் நம்பிக்கையும்

நூலின் உள்ளே கூறப்படும் புனைவு ஒருபுறமிருக்க, அட்டையில் இடப்படும் பெயரும் அறவினாவை எழுப்புகிறது. பெண் நாவலாசிரியர்களின் நூல்கள் மிகுதியாக விற்ற காலத்தில் ஆண்கள் சிலர் பெண் பெயரில் எழுதினர். 'ஆந்திர ஜோதி' வார இதழின் ஆசிரியராக இருந்த புராணம் சுப்பிரமணிய சர்மா 'புராணம் சீதா' என்னும் பெயரிலும் எழுதினார். 'பீனாதேவி' என்பது கணவனும் மனைவியுமாகிய இருவரைக் குறித்த பெயர். தமிழில் ஸ்ரீவேணுகோபாலன் 'புஷ்பா தங்கதுரை' ஆனதும், ரங்கராஜன் தம் மனைவியின் பெயரைக் கொண்டு 'சுஜாதா' ஆனதும் அனைவரும் அறிந்ததே.

பெண்ணின் குரலில் ஆண் பேசுவது தமிழுக்குப் புதிதன்று. கபிலர் தலைவி கூற்றாகப் பாடியுள்ளார். ஆயின், அங்குப் பாடியவர் கபிலர் என்பது மறைக்கப்படவில்லை. கூற்று புனைவு, பெயர் மெய். காதல் நாவலில் ஆண் ஒருவர் பெண் பெயரை ஏற்கும்போது புனைவு அட்டைக்கே வந்துவிடுகிறது. பெண்ணின் துன்பத்தைப் பெண்ணே அறிந்து எழுதுகிறாள் என்னும் நம்பிக்கையில் வாசகி நூலை எடுக்கிறாள். அந்நம்பிக்கை விற்பனைக்கு மட்டும் பயன்படுத்தப்படுமாயின், அது கதையில் உள்ள பொய்யைவிடக் கடுமையானது. ஏனெனில், கதை பொய்யென்பதை வாசகி அறிவாள். பெயர் பொய்யென்பதை அவள் அறியாள். பணிவிதிகளுக்கு அஞ்சியோ, ஒருவருக்கு மேற்பட்டோர் கூடி எழுதியமையாலோ புனைபெயர் கொள்வதை இவ்வகையில் சேர்த்தல் ஆகாது. எவ்வெப்பெயர் எந்நோக்கத்தால் கொள்ளப்பட்டது என்பதைத் தனித்தனியே நோக்கியே முடிவு கூறல் வேண்டும்.

இன்றைய நிலை

வாடகை நூலகங்கள் அருகிவிட்டன. அவற்றின் இடத்தைக் கைப்பேசி பிடித்துள்ளது. 2014இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பிரதிலிபி போன்ற செயலிகளில் தெலுங்கிலும் தமிழிலும் காதல் தொடர்கள் தொடர்ந்து வெளியாகின்றன. வீட்டுவேலைக்கும் அலுவலகத்துக்கும் இடையே பெண்கள் பலர் அத்தியாயங்களை எழுதுகின்றனர். முன்பு அத்தியாயத்துக்கு ஒரு வாரமோ ஒரு திங்களோ கிடைத்தது; இன்று சில நாள்களே கிடைக்கின்றன. இதழாசிரியர் என்னும் இடையாளர் நீங்கியதால் எழுத்தாளருக்கு உரிமை பெருகியது. அவரைத் திருத்தவும் காக்கவும் இருந்த ஒருவரும் நீங்கினார். தற்செயலின் கையில் கதையை ஒப்படைக்கும் நெருக்கடி முன்னினும் மிகுந்துள்ளது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. இல்லாததைக் கூறுதல் காதல் நாவலின் குற்றமன்று. அகமரபே அதற்கு இடம் தருகிறது. பெண்ணுக்கு உரிய மதிப்பைத் தலைவனின் கொடையாகக் காட்டி, நீதியை நற்பேறாக்குமிடத்தே அது தன் நன்மையை இழக்கிறது. தலைவி தன் மதிப்பைத் தானே உணர்ந்து நின்றபின் இனிய முடிவு வருமாயின், அவ்வினிமை வாசகியை ஏமாற்றுவதாகாது. எழுதுபவரின் பொறுப்பு இவ்வளவினதே. ஆயினும் இது சிறிதன்று. அப்பொறுப்பை நிறைவேற்றத் தேவையான காலத்தையும் உரிய ஊதியத்தையும் அளிக்காத இதழும் பதிப்பகமும் செயலியும் அப்பிழையில் பங்குடையனவே.

வாடகை நூலகத்தில் காசு கொடுத்து நூலை எடுத்துச் சென்ற பெண், இரண்டு நாளில் அதைத் திருப்பித் தந்தாக வேண்டும். கனவு திரும்பிச் சென்றபின் அவளிடம் எஞ்சுவது எது என்பதே எழுதுபவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. தலைவன் எஞ்சமாட்டான். தலைவியின் தன்மானம் எஞ்சக்கூடும். அது எஞ்சுமாயின் அந்நூல் இல்லது, இனியது என்னும் இரண்டோடு நில்லாமல் நல்லதும் ஆகிறது.